தன்னுணர்வும் உழைப்பும்: ஜேர்மன் கருத்துமுதல்வாதம் பற்றிய ஒரு குறிப்பு

1789இல் பிரான்சிய மக்கள் அரசியலில் நிகழ்த்திய புரட்சியை, சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜேர்மனியின் மத்தியதர வர்க்கம் சிந்தனையில் மட்டுமே நிகழ்த்த முடிந்தது. அதன் பலமும் பலவீனமும் இதுவே.

உணர்வு புறவுலகைக் காட்டும் வெறுங் கண்ணாடியன்று, அனுபவத்தை ஒழுங்குபடுத்தும் செயற்பாடு என 1781இல் கான்ட் நிறுவினார். நாடா நெசவாளியின் மைந்தரான பிக்டே 1794இல், 'நான்' என்பதே தன்னைத் தானே நிறுவும் செயல் என்றார்.

1807இல் ஹெகல் மேலும் ஒருபடி சென்றார். தன்னுணர்வு தனிமையிற் பிறப்பதில்லை. அது பிறரின் அங்கீகாரத்தை வேண்டி நிற்பது. ஆண்டான் நுகர்வோடு நின்றுவிடுகிறான். பொருளை உருமாற்றும் அடிமையோ தன் ஆக்கத்திலே தன்னைக் காண்கிறான். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே பிரஷ்ய அரசு பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. எனினும் ஹெகலின் அடிமை அடுத்து எய்துவது சிந்தனைச் சுதந்திரமே. விலங்கு அவ்வாறே இருக்கிறது.

மனிதன் உழைப்பினால் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்பதை ஹெகல் கண்டார், ஆயின் மூளையுழைப்பை மட்டுமே உழைப்பாகக் கொண்டார் என 1844இல் மார்க்ஸ் சுட்டினார். மனிதச் செயற்பாட்டின் பக்கத்தைப் பழைய பொருள்முதல்வாதமன்றி, கருத்துமுதல்வாதமே அருவமாகவேனும் வளர்த்தது என்பதையும் 1845இல் அவர் ஏற்றுக்கொண்டார். எனவே, அதனை வெறும் பிற்போக்கென ஒதுக்குவோர் மார்க்சியத்தின் ஊற்றொன்றையே தூர்த்துவிடுகின்றனர்.