தீர்ப்பளித்த விதை

முதுமையில் சிறு மறதி இயல்பே. ஆனால், பெற்ற பிள்ளையின் முகமும் வாழ்ந்த வீட்டின் வழியும் மறந்துபோவது மூளையைத் தாக்கும் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். அந்நோய்க்கு இன்று தரப்படும் மருந்துகளுள் ஒன்றின் மூலம், ஒருகாலத்தில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட விதை என்றால் மாணவ நேயர்கள் வியப்படையக்கூடும்.

நைஜீரியாவின் தென்கிழக்கே காலபார் என்னும் துறைமுக நகர் உள்ளது. சூனியம் செய்ததாகப் பழி சுமத்தப்பட்டவருக்குக் கொடி அவரை ஒன்றின் விதையை அரைத்து, நீரிற் கலந்து புகட்டும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள எஃபிக் மக்களிடையே இருந்தது. வாந்தியெடுத்துப் பிழைத்தவர் குற்றமற்றவர், மாண்டவர் குற்றவாளி! மாசற்றவர் அஞ்சாது ஒரே மூச்சிற் குடித்ததால் வயிறு நஞ்சை வெளித்தள்ளியது என்றும், அஞ்சியவர் சிறுகச் சிறுகப் பருகியதால் அது உடலிற் கலந்தது என்றும் சிலர் விளக்குவர். இதனை நீதியென்று ஏற்க மனம் ஒப்பாதுதான். எனினும் நீர்ச் சோதனையும் நெருப்புச் சோதனையும் நடத்திய ஐரோப்பியர், இவர்களை மட்டும் இகழ்ந்து பேச உரிமையற்றவர்.

கிறிஸ்தவப் போதகர்கள் வாயிலாக அவ்விதை எடின்பரோ நகரை அடைந்தது. அங்கே பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல் அதிற் சிறு பகுதியைத் தாமே உண்டு பார்த்தார். உடல் தளரவே, முகம் மழிக்க வைத்திருந்த சோப்பு நீரைக் குடித்து, வாந்தியெடுத்து உயிர் தப்பினார். என்ன துணிவு! 1864-இல் ஜெர்மானிய வேதியியலார் விதையின் நஞ்சாகிய பைசோஸ்டிக்மினைப் பிரித்தெடுத்தனர். அடிமையாய் இருந்தவரின் பேரரான பெர்சி ஜூலியன் என்னும் அமெரிக்கக் கறுப்பின அறிஞர், 1935-இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினார்.

நஞ்சு கொல்வது எவ்வாறு? நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் தூதுப்பொருள் அசிட்டைல்கோலின். தூது முடிந்ததும் ஒரு நொதி அதனை அழித்துவிடும். பைசோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுக்கிறது என்பதை ஆட்டோ லோவி 1926-இல் காட்டினார். தூதுப்பொருள் அளவுகடந்து பெருகினால் தசைகள் செயலிழக்கும், மூச்சு நிற்கும்.

அரை நூற்றாண்டு கழிந்தது. அல்சைமர் நோயாளரின் மூளையில் அதே தூதுப்பொருள் ஆக்கும் திறன் பெரிதும் குன்றியிருப்பதை 1976-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். குறைந்ததை அழியாமற் காத்தாலென்ன என்ற எண்ணம் பிறந்தது. பைசோஸ்டிக்மினைச் சிற்றளவிற் கொடுத்துப் பார்த்தனர். சிலரிடம் நினைவு சற்றுத் தெளிந்தது. ஆனால் பயன் விரைவில் மறைந்தது, குமட்டலோ மிகுந்தது. எனவே அதன் அமைப்பையொட்டி, நெடுநேரம் வேலை செய்யும் ரிவாஸ்டிக்மின் ஆக்கப்பட்டது. 2000-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. பனித்துளிப் பூச்செடியிற் கிடைத்த கேலன்டமினும் மறு ஆண்டே ஒப்புதல் பெற்றது.

இவை நோயைத் தீர்ப்பன அல்ல. மூளை அணுக்கள் அழிவதையும் நிறுத்துவன அல்ல. சிலருக்குச் சில காலம் நினைவும் அன்றாடச் செயலும் ஓரளவு நிலைக்க உதவுகின்றன, அவ்வளவே. விதையின் பழைய குணமான குமட்டலும் ரிவாஸ்டிக்மினை முற்றும் விட்டு நீங்கவில்லை. அதனைத் தணிக்கவே, வயிற்றுக்குள் செல்லாது தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாக 2007 முதல் அம்மருந்து கிடைக்கிறது.