ஒரு கணினிக் கட்டமைப்பு எப்போது மறைகிறது?

கணினி வரலாற்று நூல்கள் ஒரு நுண்செயலிக் குடும்பத்தின் முடிவை வழக்கமாக அதன் உற்பத்தி நின்ற ஆண்டைக் கொண்டே குறிக்கின்றன. வணிக வரலாற்றுக்கு அந்த ஆண்டு போதும். ஆனால் உற்பத்தி நின்ற பின்னும் அந்தக் கணினிகள் ஆய்வுக்கூடங்களிலும் ஆர்வலர் வீடுகளிலும் பல்லாண்டு ஓடுகின்றன. புதிய இயங்குதளப் பதிப்புகளையும் ஏற்கின்றன. அவற்றின் முடிவு வேறோரிடத்தில் நிகழ்கிறது. இன்றியமையாத மென்பொருள் பொதி ஒன்றை அந்தக் கட்டமைப்புக்கென இனிக் கட்ட இயலாது என்னும் நிலை வரும் நாளே அந்நாள். டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் கால் நூற்றாண்டு வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

மனிதர் எழுதும் மூல நிரலை ஒரு குறிப்பிட்ட சிப்புக்குரிய இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். ஒரு பொதியைக் கட்டக் கம்பைலரோடு வேறு பல பொதிகளும் தேவை. அவற்றுக்கும் தத்தம் தேவைகள் உண்டு. சில தேவைகள் வட்டமாகத் திரும்பி வருகின்றன. ஹாஸ்கெல் மொழியின் முதன்மைக் கம்பைலர் ஹாஸ்கெலிலேயே எழுதப்பட்டது; ரஸ்ட் மொழியின் ஒவ்வொரு கம்பைலர் பதிப்பையும் கட்ட அதன் முந்தைய பதிப்பு வேண்டும். விதைநெல் இல்லாத வயலில் மூல நிரல் எவ்வளவு குவிந்திருந்தாலும் விளைச்சல் இல்லை. ஆவணங்களையும் சோதனைகளையும் விலக்கி ஒரு பொதியின் குறைந்த வடிவத்தை முதலில் கட்டி, அதைக் கொண்டு முழு வடிவத்தைக் கட்டும் முறையை டெபியன் வகுத்தது இந்த வட்டங்களை உடைப்பதற்காகவே.

1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0, இன்டெல் 386 வகையோடு மோட்டரோலா 68000 குடும்பத்தையும் தாங்கியது. 2002-இல் வந்த 3.0 பதிப்பில் கட்டமைப்புகள் பதினொன்றாயின. எல்லாக் கட்டமைப்புகளும் ஆயத்தமாகாமல் எதுவும் வெளிவராது என்பது நடைமுறை. ஆகவே மெதுவான கணினிகளில் பொதிகள் கட்டி முடியும்வரை ஏனையவை காத்திருக்க நேர்ந்தது.

2005 மார்ச்சில் வான்கூவரில் கூடிய வெளியீட்டுக் குழுவினரும் களஞ்சியப் பொறுப்பாளரும் சில நிபந்தனைகளை முன்வைத்தனர். அந்தக் கணினி புதிதாக விலைக்குக் கிடைக்க வேண்டும். களஞ்சியத்தின் மூலப் பொதிகளில் 98 விழுக்காடு அதில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டும் வேலைக்கு இரண்டு கணினிகளுக்கு மேல் தேவைப்படலாகாது. இந்த அளவுகோலில் தேறக்கூடியவையாக அன்று கருதப்பட்டவை நான்கே: இன்டெல் 386 வகை, அதன் 64 பிட் வழித்தோன்றல், பவர்பிசி, இட்டேனியம். கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்மொழிவு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. 2007-இல் வந்த அடுத்த பதிப்பிலும் பதினொரு கட்டமைப்புகள் இருந்தன. 64 பிட் வகை உள்ளே வந்தது; 68000 வெளியேறியது.

பின்னாளில் நடந்தவை அந்தப் பட்டியலுக்கு விசித்திரமான உரை எழுதின. இட்டேனியம் 2015-இலும், பழைய 32 பிட் பவர்பிசி 2017-இலும் வெளியீட்டிலிருந்து நீங்கின. 2025 ஆகஸ்டில் வந்த பதிப்பில் 386 வகை முழுமையான கட்டமைப்பு என்னும் தகுதியை இழந்தது. நால்வரில் எஞ்சியது ஒன்றே. அன்று நால்வரில் இடம்பெறாத ஆர்ம் குடும்பமோ இன்று கைப்பேசி முதல் தரவு மையம் வரை பரவியுள்ளது. எந்தக் கட்டமைப்புக்கு எதிர்காலம் உண்டு என்பதைச் சந்தை நிலவரத்தைக் கொண்டு கணித்தவர்கள் அறிவற்றவர்கள் அல்லர்; அந்தக் கணிப்புக்குப் போதிய சான்று யாரிடமும் இல்லை என்பதே உண்மை.

வான்கூவரில் முடிவுகள் வெளிப்படையாக முன்வைக்கப்பட்டன. எதிர்க்க ஓர் அவை இருந்தது. அடுத்த கட்டத்தில் முடிவுகள் சார்புப் பட்டியல்களுக்குள் நுழைந்தன. 2021 பிப்ரவரியில் பைத்தானின் ‘கிரிப்டோகிராபி’ நூலகம், தன் 3.4 பதிப்பைக் கட்ட ரஸ்ட் தேவை என ஆக்கியது. மறையாக்கத்தைக் கையாளும் நூலகம் நினைவகப் பிழைகளுக்கு இடம் கொடுக்காத மொழிக்கு நகர்வது நியாயமானதே. ஆனால் ரஸ்ட் கம்பைலர் எல்எல்விஎம் என்னும் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ஆல்பா, எச்பி நிறுவனத்தின் பிஏ-ரிஸ்க் போன்றவற்றுக்கு எல்எல்விஎம்மில் இடமில்லை. ஆல்பாவுக்கான பகுதி முன்பு அதில் இருந்தது; பேணுவார் இன்றி 2011-இல் நீக்கப்பட்டது. அன்று அதைக் கவனித்தவர் சிலரே. பத்தாண்டுக்குப் பின் வேறொரு நூலகம் எடுத்த முடிவால் அந்த நீக்கத்தின் முழுப் பொருள் விளங்கியது: நூலகம் கட்டப்படவில்லை, அதனால் அதைச் சார்ந்த கருவிகளும் நின்றன.

இது தனி நிகழ்வன்று. படவரைவுகளைக் காட்டும் ‘லிப்ஆர்எஸ்விஜி’ நூலகம் ரஸ்டுக்கு மாறியபோது, பல வரைகலைப் பொதிகள் அதனைச் சார்ந்திருந்தமையால், பழைய சி மொழி வடிவத்தைத் துறைப் பேணுநர்கள் தனியே காக்க வேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் இறுதியில் டெபியனின் பொதி மேலாண்மைக் கருவியான ‘ஆப்ட்’டே ரஸ்டைக் கட்டாயமாக்கும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த மாற்றம் 2026 மே மாதத்துக்கு முன் வராது என்றும், ரஸ்ட் இல்லாத கட்டமைப்புகள் ஆறு மாதத்துக்குள் அதைப் பெற வேண்டும் அல்லது விலக வேண்டும் என்றும் அது கூறியது.

இரு தரப்பிலும் வலுவான வாதங்கள் உள்ளன. ஒரு சிலர் பயன்படுத்தும் கணினிக்காகக் கோடிக்கணக்கானோரின் பாதுகாப்பைத் தள்ளிப்போட இயலாது. ஊதியமின்றி உழைக்கும் பேணுநரிடம் தாம் கண்டிராத சிப்புக்குப் பொறுப்பேற்கச் சொல்வதும் முறையன்று. மறுபுறம், எண்ணின் பைட்டுகளை வேறு வரிசையில் அடுக்கும் கணினிகளும், நினைவக ஒழுங்கில் கண்டிப்பான கணினிகளும் பெரும்பான்மைக் கணினிகளில் மறைந்து கிடக்கும் பிழைகளை வெளிக்கொணர்ந்துள்ளன. ஒரே வகைக் கணினியில் மட்டும் சோதிக்கப்படும் நிரல் அந்தக் கணினியின் தற்செயல் இயல்புகளையும் விதிகளாகக் கொண்டுவிடும்.

இதே சங்கிலியின் ஏறுமுகத்தை ரிஸ்க்-ஃபைவ் காட்டுகிறது. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய இந்தத் திறந்த கட்டமைப்பு, 2019-இல் எல்எல்விஎம்மில் முழுத் தகுதி பெற்றது; 2025-இல் டெபியன் வெளியீட்டில் இடம்பிடித்தது. இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ நுண்செயலிகள் இந்தக் கட்டமைப்பைச் சார்ந்தவை. 2018-இல் அவற்றுள் ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. வடிவமைப்பு உள்நாட்டினதாயினும், அதன்மேல் ஓடும் ஆயிரக்கணக்கான பொதிகள் கட்டப்படுவதற்கு உலகெங்கும் பல நிறுவனங்களும் தன்னார்வலரும் எல்எல்விஎம்மிலும் ஜிசிசியிலும் செய்த உழைப்பே அடிப்படை.

தொழில்நுட்பத் தற்சார்பு பற்றிய நம் விவாதங்கள் சிப் ஆலைகளோடு நின்றுவிடுகின்றன. ஆல்பாவின் சிப்பில் குறை நேரவில்லை. கம்பைலரின் ஒரு பகுதியைப் பேண ஆளில்லாமற்போனதே அதன் குறை. அந்தப் பேணுதலுக்கு ஆய்வுக்கூடங்களில் பணியிடமும் நிதியும் ஒதுக்கப்படுகின்றனவா என்பது, புதிய சிப் வெளியாகும் விழா மேடைகளில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.