பூமராங் என்றொரு மவுத் ஆர்கன்

காற்றில் பிறந்த கருவிகள் – 14

ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி 1857-ல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சிறிய கருவி கடல் கடந்து போய் எந்த நாட்டு மக்களோடு மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், பலரும் அமெரிக்காவைத்தான் சொல்வார்கள். நான் ஆஸ்திரேலியாவைச் சொல்வேன். ஒரு நாட்டின் இசைத் தொழிலுக்கே மவுத் ஆர்கன் விற்ற காசு முதலாகப் போன கதை அங்கேதான் நடந்தது.

இந்தக் கதையும் ஒரு கடிகாரக்காரரிடம்தான் தொடங்குகிறது. ஸ்விட்சர்லாந்திலிருந்து 1880-களில் சிட்னிக்குக் குடியேறியவர் ஜாக் ஆல்பர்ட். கடிகாரமும் வயலினும் பழுது பார்த்துப் பிழைத்தவர், மெல்ல இசைக் கருவிகள் விற்கும் கடை வைத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடை மகன் ஃபிராங்க் ஆல்பர்ட்டின் கைக்கு வந்தது. ஃபிராங்க் வியாபாரத்தில் சூரர். ஜெர்மானியப் பெயர் தாங்கிய பெட்டிகளை அப்படியே விற்காமல், ஆஸ்திரேலியக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு பெயரைத் தன் சரக்குக்கு வைத்தார்: பூமராங். சில மாடல்கள் பெயருக்கு ஏற்றபடி வளைந்தே இருந்தன. செய்தது என்னவோ ஜெர்மனியின் சாக்சனி பகுதியில், கிளிங்கன்டால் ஊரின் சைடல் தொழிற்சாலை. ஆனால் வாங்கியவர்கள் அதைத் தங்கள் நாட்டுக் கருவியாகவே கொண்டாடினார்கள்.

ஏன் இவ்வளவு வரவேற்பு? அந்த நாட்டின் தூரங்களை நினைத்துப் பாருங்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி ஒரு பண்ணையில் வேலை முடிந்ததும் அடுத்த பண்ணைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். மாட்டு மந்தையை ஓட்டுபவன் மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடப்பான். பியானோ அவர்களுக்கு எட்டாது. வயலின் வெயிலில் விரிசல் விடும். சட்டைப்பையில் அடங்கி, சில ஷில்லிங்குக்குக் கிடைக்கும் மவுத் ஆர்கன் அவர்களுடைய இசைக்குழு முழுவதுக்கும் ஈடுகொடுத்தது.

ஈடுகொடுத்தது என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வாசிப்பு முறையைக் கவனித்தால் புரியும். வாயை அகலத் திறந்து நான்கைந்து துளைகளை மூடிக்கொள்வார்கள். நாக்கை வைத்து ஒன்றைத் தவிர மற்றவற்றை அடைத்துவிடுவார்கள். திறந்த துளையில் மெட்டு ஓடும். தாளம் விழும் இடங்களில் மட்டும் நாக்கைச் சட்டென்று எடுப்பார்கள். அடைபட்ட சுரங்கள் சேர்ந்து ஒலித்துப் பக்கவாத்தியம் ஆகிவிடும். ஒரே ஆள், ஒரே மூச்சு, மெட்டும் தாளமும் இரண்டும் கிடைக்கும். கொட்டகையில் வால்ட்ஸ் ஆடுவதற்கு அது போதும். பலர் விரும்பியது ட்ரெமோலோ வகை: ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு பித்தளை நாக்குகள், ஒன்றுக்கொன்று சுருதி இம்மியளவு விலகியிருக்கும். அந்த விலகலால்தான் ஒலி அலையலையாக நடுங்குகிறது.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் இந்தக் கருவியின் பொற்காலம். போட்டிகள் நடந்தன, ஊருக்கு ஊர் மவுத் ஆர்கன் பேண்டுகள் முளைத்தன. பி.சி. ஸ்பௌஸ் என்ற ஆஸ்திரேலிய சாம்பியன் 1920-களில் இசைத்தட்டுகளே வெளியிட்டார். ஃபிராங்க் ஆல்பர்ட்டோ சிட்னியின் எலிசபெத் பே கடற்கரையில் ஸ்பானிஷ் பாணியில் ஒரு மாளிகை எழுப்பி, அதற்கும் பூமராங் என்றே பெயர் வைத்தார். 1929-ல் நாடு தழுவிய வானொலி நிகழ்ச்சிகளை நடத்த உருவான ஆஸ்திரேலியன் பிராட்காஸ்டிங் கம்பெனியில் ஆல்பர்ட் நிறுவனமும் ஒரு பங்குதாரர். 1932-ல் அந்தப் பணியை அரசு அமைப்பான ஏபிசி ஏற்றுக்கொண்டது.

அந்தப் பொற்காலத்தில் வளர்ந்த சிறுவர்களில் ஹாரி டார்கியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்போர்னின் தொழிலாளர் பகுதியான ஃபுட்ஸ்கிரேயில் 1917-ல் பிறந்தவர். அண்ணன் வில்லியம் டார்கி ஆர்ச்சிபால்ட் ஓவியப் பரிசை எட்டு முறை வென்ற புகழ்பெற்ற ஓவியர். தம்பி கையில் எடுத்ததோ மவுத் ஆர்கன். அவருடைய ஐவர் குழு மேடையில் வாசித்ததைப் பதிவு செய்த 1952-ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குத்தான் ஆஸ்திரேலியாவின் முதல் தங்கத் தட்டு கிடைத்தது. அதுவரை பாடகர் யாருக்கும் கிடைக்காத பெருமை, மவுத் ஆர்கன்காரருக்கு! பின்னாளில் அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம் தயாரித்த ‘கோ’ ஷோ, 1964 முதல் 1967 வரை ஆஸ்திரேலிய ராக் இளைஞர்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அவரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

சிட்னியில் பிறந்த இசையமைப்பாளர் ஆர்தர் பெஞ்சமின், மவுத் ஆர்கன் கலைஞர் லாரி ஆட்லருக்காக எழுதிய ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) கான்செர்ட்டோவும் அதே காலத்தில், 1953-ல் லண்டனில் அரங்கேறியது. மேற்கத்தியச் செவ்வியல் மேடையிலும் இந்தக் கருவிக்கு இடம் பிடித்துத் தந்ததில் ஓர் ஆஸ்திரேலியருக்கும் பங்கு உண்டு.

ஆல்பர்ட் குடும்பத்துக்குத் திரும்புவோம். ஃபிராங்கின் பேரன் டெட் ஆல்பர்ட் 1964-ல் ஆல்பர்ட் புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கினார். ஈசிபீட்ஸ் என்ற ராக் குழுவை வளர்த்தார். அந்தக் குழுவின் ஜார்ஜ் யங்கின் தம்பிகள்தான் ஏசி/டிசி குழுவின் மால்கமும் ஆங்கஸும். உலகத்தையே அதிரவைத்த அந்தக் குழுவின் தொடக்ககால ஆல்பங்கள், சிட்னி கிங் தெருவில் இருந்த ஆல்பர்ட் ஸ்டூடியோவில் பதிவானவை. தாத்தா மவுத் ஆர்கன் விற்றுச் சேர்த்த வீட்டுச் செல்வம் பேரன் காலத்தில் மின்கிட்டாராகப் பேசியது. அதற்குள் மவுத் ஆர்கனும் வேறு வேடம் போட்டிருந்தது. செயின் என்ற ப்ளூஸ் குழுவின் மாட் டெய்லரும், பின்னால் வந்த கிறிஸ் வில்சனும் காற்றை உள்ளிழுத்துச் சுரத்தை வளைக்கும் ப்ளூஸ் பாணியில் மெல்போர்ன் மேடைகளை ஆண்டார்கள்.

பழைய பூமராங் கருவிகளை இன்று தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்திலும் அவை இருக்கின்றன. சேகரிப்பது லேசான வேலை இல்லை. பல பழைய மாடல்களில் மேல்தகடு மரச்சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கியிருக்கும். பழுது பார்க்க அவசரப்பட்டு நெம்பினால் மரம் பிளந்துவிடும். சுருதி சேர்க்க வேண்டுமானால் பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும்; கொஞ்சம் கை தவறினால் நாக்கே ஒடிந்துபோகும். படம் போட்ட அட்டைப்பெட்டியும் கூடவே கிடைத்துவிட்டால் சேகரிப்பவருக்குப் பெரும் யோகம்.

ஆனாலும் கருவியைச் சேகரிப்பவரைவிட அதை வாசித்தவர்களின் மெட்டுகளைச் சேகரித்தவரையே நான் மேலாக மதிக்கிறேன். ஜான் மெரெடித் 1950-களில் கனமான டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நியூ சவுத் வேல்ஸ் கிராமங்களில் வீடு வீடாகப் போனார். 1894-ல் பிறந்த சாலி ஸ்லோன் அம்மையாரைப் போன்றவர்களை உட்காரவைத்துப் பாடவும் வாசிக்கவும் சொன்னார். பாட்டோடு ஃபிடில், அக்கார்டியன், மவுத் ஆர்கன் எல்லாம் கைவந்தவர் அந்த அம்மையார். மெரெடித்தின் ஒலிப்பதிவுகள் இப்போது கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

(தொடரும்)