பாய்மரத் துளையும் கலப்பற்றுக் கலையும்

கடல் வாணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கலத்தின் உரிமையாளரையும், அதனைச் செலுத்திய மீகாமனையும், அது கொண்டுசென்ற பண்டத்தையும் விரித்துரைப்பர். கலத்தினுள் நீர் புகாதவாறு காத்த தொழிலைக் குறித்து ஒரு வரி எழுதுவோரும் அரியர். நீர் புகும் வாயில்கள் பல. அவற்றுள், பாய்மரம் மேற்றளத்தை ஊடுருவி உள்ளே இறங்குமிடத்தில், மரத்தைச் சுற்றி அமையும் விரலகல இடைவெளியே அடைத்தற்கு மிக அரியது. இதனை நம்மவர் எங்ஙனம் அடைத்தனர் என்பதையும், அத்தொழிலின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மடுல்சீமை மலையில் வாழ்வோர்க்குக் கடலைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். நீராவிக் கப்பல்கள் பெருகுமுன், தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருட் பலர் தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிற் பாய்க்கலம் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே நடந்து மலையேறினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகைவண்டிப் பயணிகளை ஏற்றும் கப்பற் சேவை 1914ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. புகைவண்டி பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டில். தோட்டத்தார் உண்ட அரிசியும் கடல் கடந்தே வந்தது. 1942ஆம் ஆண்டில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டபோது, பர்மா அரிசி வராமையால் இலங்கை முழுவதும் உணவுத் தட்டுப்பாடு உண்டாயிற்று. ஆதலின், கலத்துள் நீர் புகாமை கடற்கரை மாந்தருக்கு மட்டும் உரிய செய்தியன்று. மலைநாட்டு அடுப்பில் உலை கொதித்ததும் அதனைப் பொறுத்ததேயாம்.

இனி, இவ்விடைவெளி தோன்றிய வகையை நோக்குவோம். கட்டுமரத்துக்குத் தளமும் இல்லை, உள்ளறையும் இல்லை. மேலே விழும் நீர் மரங்களின் இடையே வழிந்து கடலையே சேரும். சோழமண்டலக் கரையில் அலை கடக்கப் பயன்பட்ட மசூலாப் படகு, பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த திறந்த படகாகும். புகுந்த நீரை அதிலிருந்து இறைத்துவிடலாம். தொலைகடல் செல்லவும், நனையலாகாத பண்டங்களைக் கொண்டேகவும் வேண்டியபோதே மூடிய தளம் இன்றியமையாததாயிற்று. தளத்தை மூடியவுடன் பாய்மரத்துக்கு வழிவிட அதிலே துளையிடவும் நேர்ந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சாதவாகனர் காசுகளில் இரண்டு பாய்மரங்களையுடைய கலங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கீழைக்கரையில் பெருங்கலம் ஓடியமைக்கு அவை சான்றாகும்.

பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்துவாயை அடைத்தலினும் பாய்மரத் துளையை அடைத்தல் கடினம். பொருத்துவாய் பெரும்பாலும் அசையாது. பாய்மரமோ ஓயாது அசையும் இயல்பினது. அதன் அடி, கலத்தின் அடிமரமாகிய ஏராவின் மேல் அமைந்த குழியிற் பொருந்தி நிற்கும். காற்றுப் பாயைத் தள்ளுகையில், தளத்தையே தாங்கிடமாகக் கொண்டு மரம் நெம்புகோல்போல் இயங்கும். அவ்விடத்திற் கீலை மட்டும் ஊற்றினால் அது நாளடைவில் இறுகி வெடிக்கும். மரத்தையும் தளத்தையும் இடைவெளியின்றி இறுகப் பிணித்தால், மரம் முறியும் அல்லது தளப் பலகை பிளக்கும்.

இவ்விடரைக் கப்பற் றச்சர் இரு கூறாக்கித் தீர்த்தனர். விசையைத் தாங்குவது ஒன்று. நீரைத் தடுப்பது மற்றொன்று. விசையைத் தாங்குதற்குத் துளையைச் சுற்றி மர ஆப்புகளைச் சீராக அறைவர். ஒரு பக்கத்தில் மிகுதியாக அறையின் பாய்மரம் வளையும். நீரைத் தடுத்தற்கு ஆப்புகளின் மேலே கித்தான் உறை ஒன்றைக் கட்டுவர். அதைக் கட்டும் முறை நுட்பமானது. உறையின் அகன்ற பகுதி மேனோக்கி நிற்குமாறு தலைகீழாக வைத்து, ஒடுங்கிய வாயை மரத்தோடு கயிற்றால் இறுக்குவர். பின்னர் அகன்ற பகுதியைக் கீழே மடித்துத் தளத்தின்மேற் பரப்பி, ஓரத்தைச் சுற்றிலும் ஆணியால் அறைந்து, கீலோ வண்ணமோ பூசுவர். கட்டு உள்ளே மறைந்துவிடும். மரத்தின் வழியே வடியும் நீர் உறையின் மேலாக வழிந்து தளத்தைச் சேரும். துணி நெகிழ்ந்து கொடுப்பதால் மரத்தின் அசைவு அதனைக் கிழிப்பதில்லை.

இவ்வுறை பழுதுறின் விளையும் கேடு உடனே புலப்படாது. கடல்நீரினும் மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும். துளை வழியே துளித்துளியாக இறங்கும் மழைநீர், ஏராவின் மேலுள்ள குழியிலே தேங்கி, பாய்மரத்தின் அடியை அரிக்கும். மேலே நோக்குவார்க்கு மரம் நன்றாகவே தோன்றும். ஒருநாட் பெருங்காற்றில் அஃது அடியோடு சாய்ந்த பின்னரே உண்மை வெளிப்படும். இக்காலத்துப் படகோட்டிகள் துளையில் நெகிழ்குழம்பை வார்த்து இரப்பர்போல் உறையச் செய்கின்றனர். சிலர் மரத்தைத் தளத்தின் மேலேயே நிறுத்தித் துளையையே தவிர்க்கின்றனர். எனினும், தாங்குவது உறுதியாகவும் தடுப்பது நெகிழ்வாகவும் இருத்தல் வேண்டும் என்ற பழைய உண்மை மாறவில்லை.

தமிழில் இத்தொழிலுக்குரிய சொற்கள் தொன்மையும் கலப்பும் ஒருங்கே உடையன. சங்க நூல்கள் பாய்மரத்தைக் கூம்பு என்கின்றன. பரிபாடலின் 10ஆம் பாடல், சிதைந்த கலத்தைப் பயின் என்னும் பிசினாற் செப்பனிடும் நீகானை உவமையாகக் காட்டுகின்றது. வையையைப் பாடும் பாட்டிலே கலஞ்செப்பனிடுதல் உவமையாக வருமாயின், அத்தொழிலை மதுரை மாந்தரும் அறிந்திருந்தனர் எனக் கொள்ளலாம். பொருத்துவாயில் நாரும் பஞ்சும் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையைப் பூசும் தொழிலுக்குப் பிற்காலத்தில் வழங்கிய கலப்பற்று என்னும் சொல்லோ போர்த்துக்கேய மொழியின் வழி வந்தது. சொல் வந்த காலத்தைத் தொழில் வந்த காலமெனக் கொள்ளுதல் பிழை என்பதற்குப் பயின் என்ற பழஞ்சொல்லே சான்று.

இலங்கைத் தமிழரிடையே இக்கலை சிறந்தோங்கிய இடம் வல்வெட்டித்துறை. அங்கே வேப்பமரத்தாற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் கப்பல் இரண்டு பாய்மரங்களும் 89 அடி நீளமும் உடையது. பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்ற வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அது 1937ஆம் ஆண்டில் இலங்கையினின்று புறப்பட்டு, ஏடன், சுவெசு, ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938ஆம் ஆண்டு ஆகத்து முதலாம் நாள் மசாசுசெற்சு மாநிலத்துக் குளொஸ்டர்த் துறையை அடைந்தது. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை முதலிய வல்வெட்டித்துறை மாலுமியர் ஐவர் அதிற் சென்றனர்.

செங்கடலின் வெயிலிற் பலகை சுருங்கும். அத்திலாந்திக்கின் ஈரத்தில் விரியும். இரண்டையும் தாங்கிக் கலம் கரைசேர்ந்தது மாலுமியரின் திறத்தால் மட்டுமன்று. பொருத்துவாய்தோறும் நார் திணித்த கைகளும், துளையைச் சுற்றி ஆப்பறைந்த கைகளும் அவ்வெற்றிக்கு உரியன. அக்கைகளுக்கு உரியோரை நம் வரலாறு பெயர் சொல்லி அழைப்பதில்லை.

இது கடலுக்கு மட்டும் உரிய குறையன்று. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரின் பெயரை நம் மாணவர் யாவரும் அறிவர். அங்கே காடழித்துக் கன்று நட்டவருள் ஒருவர் பெயரையேனும் கூறவல்லார் எத்துணையர்? பாய்மரம் உயர்ந்து நிற்பதால் எல்லார் கண்ணுக்கும் தோன்றுகிறது. அதன் அடியைக் காத்த கித்தானைக் காண்போர் குனிந்து நோக்குதல் வேண்டும். வரலாறு கற்போருக்கும் அங்ஙனம் குனிந்து நோக்கும் பழக்கம் வேண்டும். துறைகளிலும் தோட்டங்களிலும் முதியோர் நாவில் எஞ்சியுள்ள தொழிற் சொற்களையும், அத்தொழிலைச் செய்தோர் பெயர்களையும் நம் மாணவர் கேட்டெழுதி வைப்பாராயின், அது நாட்டு வரலாற்றின் பெருந்துளை ஒன்றை அடைக்கும் தொண்டாகும்.