ரசம் போன கண்ணாடி

நிலைக்கண்ணாடி திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டால் ‘ரசம் போய்விட்டது’ என்கிறோம். இன்று கடையில் விற்கும் கண்ணாடியில் பாதரசம் ஒரு சொட்டுக்கூட இல்லை. பின்புறம் பூசியிருப்பது வெள்ளி, இல்லாவிட்டால் அலுமினியம். ஆனாலும் இந்தச் சொல்லை வெறும் வாய்ப்பழக்கம் என்று தள்ள முடியாது. 16-ஆம் நூற்றாண்டின் வெனிஸ் முதல் பல தலைமுறைகள் கையாண்ட தொழில்முறை அதில் பதிந்திருக்கிறது. தகரத் தாளைச் சமமான மேசையில் விரித்து, மேலே பாதரசத்தை ஊற்றி, கண்ணாடித் தகட்டை மெல்லத் தள்ளிப் படியவைத்துப் பாரம் ஏற்றுவார்கள்; மிஞ்சியது வடியும்வரை நாள்கணக்கில் சாய்த்து வைப்பார்கள். நெருப்பே மூட்டாமல் இப்படி உண்டானதுதான் ரசக்கலவை. அது முழுக்க இறுகுவதும் இல்லை. தகரம் மிகுந்த நுண்படிகங்களுக்கு நடுவே பாதரசம் திரவமாகவே தங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கீழே இறங்கும், ஆவியாகும். அந்தக் கண்ணாடிகளில் ரசம் நிஜமாகவே போனது. 1835-இல் வேதியியலாளர் லீபிக் வெள்ளிப் பூச்சு முறையைக் கண்டறிந்த பின், காலப்போக்கில் பொருள் மாறியது, பேச்சு மாறவில்லை.

பாதரசமும் உலோகம்தானே, ரசக்கலவையும் உலோகக்கலவையில் ஒரு வகைதானே என்று கேட்கலாம். வகைப்பாட்டில் அது சரி. ஆனால் ரசக்கலவை என்ற தனிப்பெயர் பட்டறையில் பிறந்தது. அங்கே வேறுபாடு பெரிது. கேரளத்தின் ஆறன்முளாக் கண்ணாடி செம்பும் தகரமும் உருக்கி வார்த்த கலவை. தேய்த்து மெருகேற்றிய உலோக முகமே அங்கு கண்ணாடி. போவதற்கு ரசம் ஏது? பாதரசமோ 357 டிகிரி செல்சியஸில் கொதித்து எழுந்துவிடும். சித்தர் மரபில் ரசத்தைக் ‘கட்டுவது’ என்று சொன்னதும் அதன் ஓடும் குணம் தெரிந்துதான். தங்க முலாம் பூசிய பழைய முறையே அந்தக் குணத்தை நம்பி நடந்தது: தங்கம் கரைந்த ரசத்தைத் தடவிச் சூடுகாட்டினால் ரசம் புகையாகும், தங்கம் தங்கும். புகையைச் சுவாசித்த தொழிலாளியின் உடல்தான் விலை கொடுத்தது. பித்தளை உருக்கும்போது துத்தநாகமும் புகைகிறதே என்றால், புகையத்தான் செய்கிறது. ஆனால் அது வார்ப்பவருக்குச் சேதாரம், தடுக்கப் பார்ப்பார். முலாம்காரருக்கு ரசம் போவதுதான் வேலையே.

பல்லை அடைக்கும் ரசக்கலவை இதற்கு விலக்காகத் தோன்றும். வெள்ளி, தகரம், செம்பு சேர்ந்த கலவைத் தூளோடு ஏறக்குறைய சம எடை பாதரசத்தைக் குழைத்தால், வாயிலேயே இறுகிப் பல்லாண்டு நிற்கிறது. நிற்பது வாய்ச்சூட்டில் மட்டும். உடலோடு எரியும்போது அதிலிருந்தும் ரசம் கிளம்பிவிடுகிறது. பிரிட்டனில் தகனமேடைப் புகைபோக்கிகளில் பாதரசத்தைப் பிடிக்கும் வடிகட்டிகளைப் பொருத்தியது அதனால்தான்.