இலவச வைத்தியம்: கொடையா, உரிமையா? — திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வலிமையை அறிய விரும்புவோர் அதன் துறைமுகத்தை நோக்குவர். அதன் அறத்தை அறிய விரும்புவோர் அதன் வைத்தியசாலை வாயிலை நோக்குதல் வேண்டும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலையைக் கைக்கொள்ளும் பொருட்டுப் போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் மாறி மாறிப் போட்டியிட்ட செய்தியை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயின், அத்துறைமுகக் கரையிலும், அதனைச் சூழ்ந்த கொட்டியாரம், தம்பலகாமம், கிண்ணியா, குச்சவெளி முதலிய ஊர்களிலும் வாழ்ந்த ஏழை மக்கள் நோயுற்றபோது அவர்க்கு மருந்தளித்தவர் யாவர், அம்மருந்து விலையின்றிக் கிடைக்கும் நிலை எவ்வாறு தோன்றியது, அந்நிலையைக் காத்தவர் யாவர் என்னும் வரலாறு அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றின் சில படிகளை ஆராய்தல் ஈண்டுப் பயனுடைத்து.

பிணி தீர்த்தலைப் பொதுவறமாகக் கொள்ளுதல் நம்மவர்க்குப் புதிதன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் கூடியவழியே மருத்துவம் நிறைவுறும் எனக் காட்டினார். இலங்கையிலே மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையின் இடிபாடுகள் இன்றுங் காணக்கிடக்கின்றன. தமிழகத்திலே திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகளைக் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றினையும், அங்குப் பணிபுரிந்தோர் பெற்ற ஊதியத்தினையும் கணக்கிட்டுக் கூறுகின்றது. இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் இவை அரசன் அளித்த கொடைகள். கொடுப்போன் குலமும் கோலும் உள்ளவரை கொடை நிலைக்கும்; அவை வீழ்ந்தபின் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை எவர்க்கும் இல்லை. கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆங்கிலேயர் ஆட்சியில் திருகோணமலையின் மருத்துவம் பெரும்பாலும் கடற்படையையும் காவற்படையையும் நோக்கியே அமைந்தது. கடற்படையினர்க்கெனத் தனி வைத்தியசாலை இருந்தது. எனினும் நோய் பதவியை நோக்குவதில்லை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்தாராகிய கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852ஆம் ஆண்டிலே பர்மாவில் வாந்திபேதியால் இறந்து, திருகோணமலையில் அடக்கஞ் செய்யப்பட்டார். தளபதிக்குக் கல்லறையும் பெயர் பொறித்த கல்லும் எஞ்சின. உலர்வலயத்துக் குளக்கரை ஊர்களில் ஆண்டுதோறும் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையான உழவர்க்கும் கூலியாளர்க்கும் அத்தகைய அடையாளமும் எஞ்சவில்லை. அவர்தம் காய்ச்சல் பருவமழையைப் போல வந்துபோகும் இயற்கை நிகழ்ச்சியாகவே எண்ணப்பட்டது.

இந்நிலை மாறுதற்கு வித்திட்டவை இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின்வழி வந்த சர்வசன வாக்குரிமை. சொத்தும் கல்வியும் இல்லாதார்க்கும் ஆண் பெண் வேறுபாடின்றி வாக்குக் கிடைத்தது. அரசாங்க சபையின் ஏழு நிர்வாகக் குழுக்களுள் ஒன்று சுகாதாரத்துக்கு உரியதாயிற்று. வாக்கு வேண்டி ஊர் சென்ற உறுப்பினரிடம் மக்கள் கேட்டவை பாதை, பாடசாலை, மருந்துச்சாலை என்பனவாம். திருகோணமலையும் மட்டக்களப்பின் ஒரு பகுதியும் சேர்ந்து ஒரு தொகுதியாய் அமைந்தமையின், இப்பகுதி ஏழையின் குரலும் சபைக்குள் செல்ல ஒரு வழி பிறந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி, 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூண்டு மறுவாண்டும் தொடர்ந்த பெரும் மலேரியாக் கொள்ளைநோய். மழை பொய்த்தமையால் ஈரவலயத்து ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகளில் நுளம்புகள் பெருகின. உலர்வலயத்தார் போல இக்காய்ச்சலுக்குப் பழகியிராத கேகாலை, குருணாகல் முதலிய பகுதி மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். இறந்தோர் தொகை ஏறத்தாழ 80,000 எனக் கணக்கிடப்படுகின்றது. திருகோணமலைப் பகுதியை நெடுங்காலமாக மெல்ல அரித்துவந்த நோய், நாட்டின் நடுவே ஒரே மூச்சில் பாய்ந்தபோதே அரசாங்கத்தின் கண் திறந்தது எனலாம்.

அவ்வேளையில் துயர்துடைக்க முன்வந்தவருள் சூரியமல் இயக்கத்தினர் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலேயரின் பொப்பி மலருக்கு மாறாகப் பூவரச மலரை விற்றுப் பொருள் சேர்த்த இளைஞர் இவர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் ஊரூராகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். நோயோடு பசியும் சேர்ந்தே கொல்லுகின்றது என்பதைக் கண்டறிந்த அவர்கள், உடல் தேற்றும் பொருட்டு மாமைற்றையும் உருண்டையாக்கிக் கொடுத்தனர். 1935ஆம் ஆண்டு திசெம்பரில் இவருட் பலர் கூடி லங்கா சமசமாசக் கட்சியைத் தொடங்கினர். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரேராவும் குணவர்த்தனவும், நோய் வாட்டிய பகுதிகளை அடுத்த தொகுதிகளிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். மருந்துப் பை தூக்கிச் சென்ற கைகளுக்கு மக்கள் வாக்களித்தனர்.

இங்ஙனம் பெருகிய வேண்டுகோளின் விளைவாக வைத்தியசாலைகள் கிராமப் புறங்களிலும் பரந்தன. 1946ஆம் ஆண்டு முதல் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டமையும் இவ்வைத்திய விரிவும் சேர்ந்து, ஆயிரவர்க்கு 20 அளவில் நின்ற இறப்பு வீதத்தை ஒரே ஆண்டில் 14 அளவுக்குக் குறைத்தன. 1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் பெறும் முறை நீக்கப்பட்டது. கட்டணம் நீங்கியதால் விளைந்த நன்மை காசளவினதன்று. தான் வறியவன் என்பதை எழுத்தர் முன் மெய்ப்பித்து இரங்கி நிற்கும் இழிவும் அதனோடு நீங்கிற்று. இரப்போன் குடிமகனானான்.

அதே 1951ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் நிகழ்ந்ததொன்றை இதனோடு ஒப்பிடல் தகும். சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிற் சிறுதொகை ஒதுக்கி நடத்திய திரெடீகர் மருத்துவ உதவிச் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அனயுரின் பெவன் 1948ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார். மூன்றாண்டு கழியுமுன் அவருடைய தொழிற்கட்சி அரசாங்கமே, படைச்செலவு பெருகியதைக் காட்டிப் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தது. பெவன் பதவி துறந்தார். அவரோடு ஹரல்ட் வில்சனும் துறந்தார். அந்த வில்சனே பிரதமராகி 1965ஆம் ஆண்டில் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை நீக்கி, 1968ஆம் ஆண்டில் மீண்டும் விதித்தார். இலவச வைத்தியத்துக்கு ஊறு செய்பவர் எப்போதும் அதன் பகைவராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. திறைசேரி வறளுங்கால் அதன் நண்பரும் அது செய்வர்.

இவ்வுண்மைக்கு இலங்கையும் விலக்கன்று. 1953ஆம் ஆண்டில் அரிசி மானியம் நீக்கப்பட்டு, 25 சதமாயிருந்த ஒரு கொத்து அரிசியின் விலை 70 சதமாக உயர்ந்தபோது, ஓகத்து 12ஆம் நாள் நாடு ஹர்த்தால் கண்டது, உயிர்கள் பலியாயின, பிரதமர் டட்லி சேனநாயக்கா சில வாரங்களிற் பதவி விலகினார். ஏழையின் சோற்றிற் கைவைத்தல் எளிதன்று என்பதை ஆள்வோர் அன்று கற்றனர். 1957ஆம் ஆண்டு ஒற்றோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமை தந்த நாள். தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர்க்கோ அது வேலையிழப்பின் தொடக்கம். கூலி போன வீட்டில் நோய் புகுமாயின், எஞ்சிய ஒரே புகல் கட்டணமில்லா அரசாங்க வைத்தியசாலையே.

பின்னர் 1971ஆம் ஆண்டு வந்தது. கிளர்ச்சியாலும் அந்நியச் செலாவணிக் குறைவாலும் அரசாங்கம் இடருற்ற காலம் அது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்திலே, அரசாங்க வைத்தியசாலைக்கு வரும் வெளிநோயாளர் ஒவ்வொரு முறையும் 25 சதம் செலுத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. விதித்த நிதியமைச்சர், மலேரியாக் காலத்தில் ஏழையின் குடிசைக்கு மருந்து கொண்டு சென்ற என். எம். பெரேராவே!

கால் ரூபா ஒரு பொருளா என்று வினவுவோர் உளர். கிண்ணியாவிற் பாலம் அமைந்தது 2009ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் நகர வைத்தியசாலையை நாடிய நோயாளி துறை கடந்து வருதல் வேண்டும். மூதூரார் வளைகுடாவைக் கடந்து வருதல் வேண்டும். படகுக்கூலி, உடன் வருவோர் செலவு, அன்று இழந்த நாட்கூலி ஆகியன எல்லாம் சேர்ந்தே அவன் செலுத்திய உண்மைக் கட்டணம். நிறைந்த சுமையின் மேல் வைத்த சிறு துரும்பும் பாரமே. வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. வராதவர் நோயற்றவர் என்று எவரே துணிவர்? அக்கட்டணம் 1977ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

எனினும் அதே 1971ஆம் ஆண்டு வேறொரு வழியையுங் காட்டிற்று. மலேரியாக் காலத்துப் பெரேராவின் தோழராகிய விக்கிரமசிங்கவும், மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் சேர்ந்து மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கை ஒன்றை அளித்தனர். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைக்கு வருவதைத் தடுத்து, தேவையான மருந்துகளைப் பொதுப் பெயரால் மலிவாக வாங்கலாம் என்பது அவர்தம் முடிபு. அதன்வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. ஒருவர் வறட்சியை ஏழையின் மடியிலிருந்து நிரப்ப முயன்றார். மற்றவர் வீண்விலையைக் குறைத்து நிரப்ப முயன்றார். இருவரும் ஒரே கூடாரத்தில் வளர்ந்தவர். தலைவரின் நல்லெண்ணம் ஒன்றையே நம்பியிருத்தல் போதாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

காவல் தளர்ந்தவிடத்து இழப்பு வரும் என்பதற்கு மலேரியாவின் வரலாறே சான்று. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேர்க்கே அந்நோய் காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1960களின் இறுதியில் நோயுற்றோர் தொகை ஐந்திலக்கத்தைத் தாண்டியது. அதன்பின் இடையறாது உழைத்தே 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடம் இலங்கை பெற்றது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் கிண்ணியா வைத்தியசாலையை அழித்தது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலோ கட்டடம் நின்றது, வைத்தியர் நின்றனர், மருந்து இல்லை. பேராதனையிலே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. எந்த வாயிலிலும் கட்டணப் பலகை தொங்கவில்லை. ஆயினும் மருந்தை வெளியில் வாங்குமாறு கூறும் சீட்டே கட்டணமாயிற்று. வள்ளுவர் கூறிய நான்கனுள் ஒன்று குறையின் இலவசம் என்பது வெறும் பெயரே.

இவ்வுரிமையைக் காக்கும் வழி யாது? 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் வைத்தியசாலைக் குழுக்களுக்கு இடமளித்தது. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் இன்றும் உள்ளன. அவை சுவருக்கு நிறம் பூசுவதோடும் நன்கொடையாளர்க்கு நன்றி கூறுவதோடும் அமையாது, எம்மருந்து எத்துணை நாள் இல்லாதிருந்தது, எத்தனை நோயாளர் வெளியே அனுப்பப்பட்டனர் என்பவற்றைக் குறித்து வைத்து, மாகாண சபையிடமும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கணக்குக் கேட்கும் குழுக்களாதல் வேண்டும். மீனவர் சங்கமும், கமக்காரர் அமைப்பும், மாதர் சங்கமும், ஆசிரியரும், கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் ஆகியவற்றின் பொறுப்பாளரும் அக்குழுக்களில் ஒருங்கிருத்தல் வேண்டும். தனித்தனி எழுதும் நூறு மனுக்களினும் மூவின மக்களும் ஒருங்கு கையொப்பமிட்ட ஒரு மனு வலிமையுடைத்து.

திருகோணமலையிலே தமிழரும், முசிலிம்களும், சிங்களவரும் அண்டை அயலாராய் வாழ்கின்றனர். போர்க்காலம் அவர்களைப் பிரித்தது, குடியிருப்பு பிரிந்தது, சந்தையும் சில காலம் பிரிந்தது. ஆயின் வைத்தியசாலை விடுதியில் கட்டில்கள் அடுத்தடுத்தே கிடக்கின்றன. காய்ச்சலுக்கு மொழி இல்லை; மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் இல்லை. ஆகவே அக்கட்டில்களைக் காக்கும் முயற்சியும் ஒன்றாய் இருத்தலே முறை. முன்னோர் வாக்காலும் தொண்டாலும் பெற்ற உரிமையை, இன்றைய மாணவர் தம் மாவட்டத்து வைத்தியசாலைக் கணக்கைக் கேட்டறியும் குடிமக்களாய் வளர்ந்து காத்தல் அவர்தம் கடனாம்.