தந்தியில் விரைந்தவர்கள்

விரைவு என்றால் இசையறிஞர் பலரும் சற்றே முகம் சுளிப்பர். சௌக்க காலத்தில் ஒரு பதத்தை நிறுத்தி நிதானமாகப் பாடுவோர்க்குக் கிடைக்கும் மதிப்பு, துரித காலத்தில் சுரங்களைப் பொழிவோர்க்கு எளிதில் கிடைப்பதில்லை. ‘வித்தை காட்டுகிறார்’ என்ற ஒற்றைத் தொடரோடு அவரை ஒதுக்கிவிடும் வழக்கம் கீழை நாட்டிலும் உண்டு. மேலை நாட்டிலும் உண்டு. ஆயினும் திருத்தணிகை மலையடியில் வாழ்வோர் இக்கருத்தை அப்படியே ஏற்றல் அரிது. அருணகிரிநாதரின் சந்தங்களைக் கேட்டுப் பழகிய செவிகள் அவர்களுடையவை. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழாவில், ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழாகப் பாடி ஏறும்போது, முடுகு நடையில் சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். அங்கே ஓர் அசை பிறழ்ந்தாலும் அடி சாய்ந்துவிடும். விரைவு என்பது கணக்கின் மறுபெயர் என்பதைத் திருப்புகழ் ஓதுவோர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செவியோடு, தமிழ்ப் புலவர் அரங்கில் அதிகம் பேசப்படாத ஒரு துறையை அணுகலாம். அது ராக் இசையில் மின்கிதாரை அதிவிரைவில் வாசித்தோரின் வரலாறு.

அவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளை மைல்கல்லாக நடுவர். ஒன்று, எட்டி வான் ஹேலனின் முதல் இசைத்தட்டு வெளிவந்த 1978. மற்றொன்று, சுவீடனைச் சேர்ந்த இங்வி மால்ம்ஸ்டீன் தம் தனித்தட்டை வெளியிட்ட 1984. இவ்விருவரின் திறம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் இவர்களிடமிருந்து தொடங்கும் வரலாறு, கம்பரிலிருந்து தமிழ்க் கவிதையைத் தொடங்குவது போன்றது. முன்னே நின்றவர்கள் மறைந்துபோகிறார்கள்.

அப்படி மறைந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ஒரு பெண்மணி. அதிலும் பக்திப் பாடகி. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். தாயார் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர். மாண்டலின் வாசிக்கத் தெரிந்தவர். நான்கு வயதுக் குழந்தையாகவே தார்ப் கிதாரும் கையுமாகச் சபை முன் நின்றார். 1938இல் தொடங்கி அவர் தந்த இசைத்தட்டுகளில், தேவதுதிப் பாடல்களின் இடையிடையே கிதார் தன்னிச்சையாகப் பாய்ந்தோடுவதைக் கேட்கலாம். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் வழக்கில் ஊன்றுமுன்பே அதன் நடை அவர் விரல்களில் இருந்தது. 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒரு நடைமேடையில் மக்கள், எதிர் நடைமேடையில் கலைஞர்கள், இடையே தண்டவாளம். மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில், மேலங்கி அணிந்த தார்ப் கிதாரை மாட்டிக்கொண்டு வாசித்தார். 1973இல் அவர் மறைந்தபின் பல்லாண்டுகள் அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. ராக் இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2018இல்தான்!

அடுத்தவர் டிக் டேல். தந்தை வழியில் லெபனானியர், 1937இல் பிறந்தவர். சிறிய தந்தை ஒருவர் வாசித்த ‘ஊத்’ என்னும் அராபியத் தந்தி வாத்தியத்தின் ஒலி அவர் காதில் ஊறியிருந்தது. 1962இல் வெளிவந்த அவருடைய ‘மிசர்லூ’, கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய ஒரு பழைய மெட்டு. அதை ஒரே தந்தியின்மேல், மேலும் கீழுமாகக் கை ஓயாது மீட்டி அதிவிரைவில் வாசித்தார். அவர் கட்டிய தந்திகள் மிகத் தடித்தவை. அவருடைய கையின் வலிமைக்கு ஒலிபெருக்கிகள் தாங்காமல் பழுதுற, லியோ ஃபெண்டர் அவருக்காகவே ஆற்றல் மிகுந்த ஒலிபெருக்கியை உருவாக்க வேண்டியதாயிற்று. கடலலை விளையாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு இசை என்று ஒதுக்கப்பட்ட அவர் வாசிப்பு, 1994இல் ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்தபோது புதிய தலைமுறை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. டேல் 2019இல் மறைந்தார். மேலை நாட்டு மின்கிதாரின் முதல் பெருவிரைவு கீழைத் தந்தி மரபின் எச்சம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆலி ஹால்சல் கதை துயரமானது. 1970இல் ‘பாட்டோ’ என்ற குழுவில் வாசிக்கத் தொடங்கிய இந்த ஆங்கிலேயர், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே மீட்டாமல், தந்தியை அழுத்தும் கைவிரல்களாலேயே தட்டியும் விடுத்தும் சுரங்களை ஒழுகவிட்டார். கிதாருக்கு முன் அவர் கைக்கு வந்தது வைப்ரஃபோன் என்னும் தட்டுக்கருவி. இசைத்தட்டுகள் விற்கவில்லை, குழு கலைந்தது. 1992இல் ஸ்பெயினில் அவர் காலமானார். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் நிலையும் மேம்பட்டதன்று. சாக்சஃபோன் வாசிக்க ஆசைப்பட்டு, கையில் கிடைத்த கிதாரைச் சாக்சஃபோனாகவே ஆக்கிவிட்டவர் அவர். மூச்சிழுத்து ஊதும் வாத்தியத்தின் நீண்ட ஒழுக்கு அவருடைய தந்திகளில் உண்டு. வான் ஹேலன் போன்றோர் தம் ஆசானாகக் கருதிப் போற்றியும், 2017இல் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்குக்கே அன்பர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது.

இவர்களுக்கெல்லாம் நடுவே ஜான் மெக்லாக்லின் நிற்கிறார். அவரை மறக்கப்பட்டவர் என்று கூற இயலாது. 1942இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்து, 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவை அமைத்து, ராக் இசைக்கு அதுவரை இல்லாத வேகத்தையும் தாளச் சிக்கலையும் தந்தவர் என்று உலகம் அறியும். ஆனால் அவருக்கு வீணை கற்பித்த தமிழரை அறிந்தோர் எத்தனை பேர்?

அவர் டாக்டர் எஸ். இராமநாதன். வாய்ப்பாட்டு வித்துவான், வைணிகர், ஆராய்ச்சியாளர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் இளங்கோவடிகள் பொதிந்துவைத்த பண்களையும் யாழ் நரம்புகளின் வைப்பு முறையையும் தெளிவாக்க உழைத்த அறிஞர். 1985இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார், 1988இல் மறைந்தார். அப்பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த 1970களின் தொடக்கத்தில்தான் மெக்லாக்லின் அவரிடம் வீணை பயின்றார். மாதவியின் யாழை ஆராய்ந்த மனமும், மின்கிதாரில் புயல்போல் வாசித்த கையும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்திருந்தன. தமிழ் இலக்கிய வரலாற்றில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினாலும் தகும். ஆனால் கிதார் வரலாறு எழுதுவோர் அவரைப் போகிறபோக்கில் குறிப்பிடுவர். இசைத்தமிழ் எழுதுவோரோ அவருடைய மேலை நாட்டு மாணவரைக் குறிப்பிடத் தயங்குவர்.

அந்தப் பயிற்சியின் பயன் கிதாரின் உடலிலேயே தெரிந்தது. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பவை. இரு மெட்டுகளுக்கு இடையே விரலுக்குக் கீழே வெற்றிடம் உண்டு. ஆகவே ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேலுள்ள பல சுரங்களையும் தொட்டுக் கமகம் காட்ட முடிகிறது. கிதாரிலோ மெட்டுக் கம்பிகள் மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். இழுத்தால் விரல் மரத்தில் உராயும். மெக்லாக்லினுக்காக ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்த கிதாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகக் குடையப்பட்டது. வாசிக்கும் தந்திகளுக்குக் குறுக்கே, சாய்வாக, ராகத்துக்கேற்பச் சுருதி கூட்டிய ஏழு தந்திகளும் பொருத்தப்பட்டன. அக்கருவியோடு அவர் அமைத்த குழுவே ‘சக்தி’. 1975இல் முதற்பதிவு. வயலின் எல். சங்கர், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் வி. ராகவன், தபலா ஜாகிர் உசேன். ஐவரில் மூவர் தமிழர்.

எல். சங்கரின் பின்புலமும் சொல்லத்தக்கது. தந்தை வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்தவர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. மெக்லாக்லினோடு சுரத்துக்குச் சுரம் ஈடுகொடுத்து ஓடிய அந்த வில், கலவரத்தைக் கடந்து வந்த ஒரு வீட்டின் வில். ‘சக்தி’யின் வேகம் ராக் மேடையின் வேகத்தினின்றும் வேறுபட்டது. அது சொற்கட்டிலிருந்து பிறந்தது. ‘தகதிமி’, ‘தகிட’ என்று வாயால் சொல்லக்கூடியதையே விரல் வாசித்தது. கொன்னக்கோலை முறையாகக் கற்ற மெக்லாக்லின், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து 2007இல் அக்கலையைக் கற்பிக்கும் ஒளிப்பதிவையே வெளியிட்டார். சந்தம் அறிந்த கவிஞர்க்கு இது வியப்பளிக்காது.

கிதார் அயல்நாட்டுக் கருவி, அதில் கமகம் எங்ஙனம் வரும் என்ற வினா தமிழகத்தில் எழுந்தபோது, அதற்கான விடை ஏற்கெனவே இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடியது திருத்தணிகையில் என்பது மரபு. முருகப் பெருமான் முதியவராக வந்து வாயில் கற்கண்டு இட்டருளினார் என்பர். அந்த வைணிகரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர். குடும்பம் மணலியில் தங்கியிருந்த காலத்தில், ஆங்கிலேயரின் வாத்தியமான வயலினைக் கற்று, கருநாடக இசையை அதில் வாசித்தார். பின்னர் எட்டயபுரம் சமத்தானத்தில் வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அவ்வழியிற் சென்றவரே. இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் கேட்க நேர்வது அரிது. ஆயினும் அண்ணனுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கும் தம்பிக்குக் கிட்டவில்லை.

வயலினுக்கு மெட்டுகள் இல்லை. ஆகையால் அது எளிதில் பணிந்தது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு மறுமொழி சொன்னவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திர நாட்டின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்தவர். குருநாதர் ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார்; சிறுவன் கேட்டு வாசிப்பான். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட கருவியைத் தவிர்த்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்மாண்டலினை மேற்கொண்டதால் கமகம் வசப்பட்டது. 1981இல் சென்னை மேடையேறிய அந்தச் சிறுவனைக் குறித்துத் தொடக்கத்தில் முணுமுணுப்புகள் எழாமல் இல்லை. சில ஆண்டுகளில் அவை அடங்கின. பிற்காலத்தில் புத்துருக்கொண்ட ‘சக்தி’ குழுவில் மெக்லாக்லினுக்கு அருகில் அமர்ந்து வாசித்தவரும் அவரே. 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில், சென்னையில் காலமானார்.

ஸ்ரீநிவாஸின் பேரொளியில் கண்ணுக்குத் தெரியாமற்போனவர் சுகுமார் பிரசாத். அதே 1980களில், மின்கிதாரில் வர்ணம் முதல் முழுக் கச்சேரி வாசித்தவர். ஆறு தந்திகளும் ஒட்டிக் கிடக்கும் மெட்டுகளும் கொண்ட கருவியில் ராக ஆலாபனை செய்வது மாண்டலினைக் காட்டிலும் இடர்ப்பாடு மிக்கது. சுரத்திலிருந்து சுரத்துக்குத் தந்தியின் மேலேயே வழுக்கியும், தந்தியை வளைத்தும்தான் அசைவைக் கொணர வேண்டும். அத்தகைய உழைப்பாளியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சில. திரையிசைக் கிதார்க் கலைஞர்கள் நிலை அதனினும் கீழ். ‘இளைய நிலா’ பாடலின் கிதாரைத் தமிழர் வாயில் முணுமுணுக்காத நாளில்லை. ஆனால் அதை வாசித்த சந்திரசேகரின் பெயரைப் பாடலை விரும்புவோரில் பலர் இன்றும் அறியார். இசைத்தட்டின் உறையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும்; தந்தியைத் தொட்டவன் பெயருக்கு இடம் இராது. இது விலை கொடுத்துத் தட்டு வாங்கியோர்க்கும் இழைக்கப்பட்ட குறையே.

சுகுமார் பிரசாத் இட்ட வழியில் பின்னர் வந்தவர் பிரசன்னா. திருத்தணிகையிலிருந்து தொலைவில் இல்லாத ராணிப்பேட்டையைச் சேர்ந்தவர், 1970இல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்து, பின் அமெரிக்காவின் பெர்க்லீ இசைக்கல்லூரிக்குச் சென்றார். ராக் கிதாரின் மாமேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கமாக 2006இல் அவர் வெளியிட்ட தட்டின் பெயர் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’. ஹெண்ட்ரிக்ஸின் தட்டுப் பெயரில் ஒரு கடவுளைக் குடியேற்றிவிட்ட அந்தத் தலைப்பைச் சிலேடை விரும்பும் புலவர்கள் ரசிப்பர். அதில் மிருதங்கமும் கஞ்சிராவும் மின்கிதாரின் முழக்கத்தோடு ஒட்டி ஓடுகின்றன.